எடுக்காத படம்

"உக்காரும்மா, ரெண்டே நிமிசம்" என்று ஜெசிந்தா மூன்றாவது முறையாகச் சொன்னாள். அந்தப் பெண் உட்காரவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலைக்கு மேலே தொங்கிய இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த சீட்டில் முத்துப்பேச்சி, வயது இருபத்து நான்கு, ஒப்பந்தத் தொழிலாளி, முதல் பதிவு என்று இருந்தது.

தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு காலத்தில் உப்பு விளைந்த நிலத்தில் அந்த மின்கலத் தொழிற்சாலை நின்றது. ஏழாயிரம் பெண்கள் வேலை செய்தார்கள். வாசலை ஒட்டிய சின்னக் கட்டடத்தில் பல் மருத்துவ அறை. அங்கே எக்ஸ்ரே எடுப்பவள் ஜெசிந்தா. பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு அறுபது வாய்களுக்குக் குறையாமல் படம் எடுத்து வந்தாள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு புயல் கரையோரக் குடியிருப்புகளை அள்ளிக்கொண்டு போனது. கரை ஒதுங்கிய உடல்களில் பாதிக்குமேல் யாருடையது என்று சொல்ல ஆளில்லை. அதன் பிறகுதான் வாய்ப்படச் சட்டம் வந்தது. சம்பளம் வாங்குகிற ஒவ்வொருவரும் வருடம் ஒருமுறை பல் பரிசோதனைக்கு வரவேண்டும். தாடை முழுவதையும் சுற்றி எடுக்கிற எக்ஸ்ரே படம் நேரே சென்னைப் பதிவகத்துக்குப் போய்விடும். போனதை எந்த மனிதக் கையாலும் மாற்றவோ அழிக்கவோ முடியாது. அடையாளம் தெரியாத சாவென்றால் பதிவகம் சொல்வதுதான் முடிவு. கிராமங்களுக்கு அந்தச் சட்டம் இன்னும் போய்ச்சேரவில்லை. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து வந்திருந்த முத்துப்பேச்சியின் வாய்க்குள் அதுவரை யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

"யக்கா, எனக்கு இது வேண்டாம்க்கா" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூணு மாசம் ஆவுது. இதுக்கு முன்னால ரெண்டு தங்கல" என்றாள்.

ஜெசிந்தா எழுந்துபோய் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஏ பிள்ள, பயப்படாத. நாம சும்மா ரோட்டுல நடந்தாலே மண்ணுலேருந்தும் வானத்துலேருந்தும் கொஞ்சம் கதிர் நம்ம மேல பட்டுக்கிட்டுத்தான் இருக்கு. இந்தப் படத்துல படுறது அதுல ரெண்டு மூணு நாளுக்கு உள்ளது. அதுவும் தாடைக்குத்தான். வயித்துப் பக்கம் எட்டாது. போதாததுக்கு இந்த ஈய அங்கியையும் போட்டு விடுதேன்."

முத்துப்பேச்சி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு மூலையிலிருந்த கண்ணாடித் தடுப்பைக் காட்டினாள்.

"ஒண்ணும் செய்யாதுன்னா, நீங்க ஏங்க்கா அதுக்குப் பின்னால போய் நிக்கீங்க?"

"நான் ஒரு நாளைக்கு அறுபது படம் எடுக்கேன். வருசம் பூராவும் எடுக்கேன். நீ ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா எனக்கும்" என்று அவள் வயிற்றில் கை வைத்தாள்.

கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் வரை தள்ளிப்போட ஒரு படிவம் இருக்கத்தான் செய்தது. அதன் நகல் ஒன்று ஒப்பந்தக்காரருக்கும் போகும். போன மறுநாளே, உனக்கு உடம்புக்கு ஆகாது என்று அக்கறையாகப் பேசி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போனவர்களில் யாரும் திரும்ப வந்ததில்லை. ஜெசிந்தா படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். முத்துப்பேச்சி அதைத் தொடவில்லை. அழவுமில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். அழுதிருந்தால் ஜெசிந்தா அதட்டியிருப்பாள்.

வாரத்தில் இரண்டு நாள் வரும் பல் டாக்டர் ஹமீதா காயல்பட்டினத்துக்காரர். அவர் அடிக்கடி சொல்வது அப்போது ஜெசிந்தாவுக்கு ஞாபகம் வந்தது. "பல்லுல தொந்தரவு இருந்து எடுக்கிற படம் வேற, ஜெசிந்தா. காலண்டரப் பாத்து எடுக்கிற படம் வேற. நான் படிக்கும்போது, தேவை இருந்தாத்தான் எடுக்கணும்னு சொல்லித் தந்தாங்க." இந்தப் பெண்ணின் பல்லில் ஒரு தொந்தரவும் இல்லை. இந்தப் படம் அவளுக்காக எடுப்பதும் இல்லை.

இரும்பு அலமாரிக்குள் சோதனைத் தலை இருந்தது. ஒரு மண்டையோட்டைத் தேன் நிறப் பசைக்குள் வைத்து இறுக்கியது. படம் தெளிவாக விழுகிறதா என்று திங்கட்கிழமைகளில் அதை வைத்துச் சரிபார்ப்பார்கள். உள்ளே இருந்தது நிஜ மண்டையோடு. தாடை சின்னது, யாரோ பெண்ணாக இருக்கும் என்று டாக்டர் ஒருமுறை சொல்லியிருந்தார். எந்த நாட்டுக்காரி, எப்போது செத்தாள் என்றெல்லாம் பெட்டியில் எழுதியிருக்கவில்லை. சோதனைப் படங்கள் பதிவகத்துக்குப் போவதும் இல்லை.

இயந்திரம் முதலில் முகத்தைப் பார்க்கும், அடுத்தது கட்டைவிரல், அதற்கப்புறம் பத்து விநாடி கழித்துத்தான் கதிர். முத்துப்பேச்சி முகத்தைக் காட்டினாள், விரலை வைத்தாள். ஜெசிந்தா அவளைத் தடுப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோதனைத் தலையை வைத்தாள். இயந்திரம் மெல்ல உறுமிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பதிவு ஏற்கப்பட்டது என்று திரையில் பச்சை விழுந்தது.

"உம் பிள்ள பொறந்த பொறவு ஒழுங்கா வந்து எடுத்துக்கணும், என்ன?" என்றாள் ஜெசிந்தா.

"நானே தூக்கிட்டு வருவேன்க்கா" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்கு ஓடினாள்.

அதன் பிறகு கேன்டீனில் பார்க்கும்போதெல்லாம் முத்துப்பேச்சி தலையை ஆட்டிச் சிரிப்பாள், சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள். ஐந்தாம் மாதமாகியும் தளர்ந்த சீருடைக்குள் வயிறு வெளியே தெரியவில்லை.

ஐப்பசி மாதம் ஒரு பிற்பகலில் மின்னேற்றும் கூடத்தில் தீப்பிடித்தது. உள்ளே முந்நூறு பேர் இருந்தார்கள். பின்சுவர் வெடித்துத் திறந்துகொண்டதால் பெரும்பாலோர் அந்த வழியாகத் தப்பி ஓடிவிட்டார்கள். மின்கலத் தீ தண்ணீருக்கு அடங்குவதில்லை. மூன்று நாள் எரிந்து அது தானாக அடங்கியபோது நாற்பத்து மூன்று பேர் உள்ளே கிடந்தார்கள். சாம்பலும் பல்லும்தான் மிச்சம்.

சென்னைப் பதிவகத்திலிருந்து கார்மேகம் என்ற அதிகாரி இயந்திரங்களோடு வந்து இறங்கினார். மரபணு பார்க்க முடியாதா என்று வாசலில் யாரோ கேட்டார்கள். "அந்தச் சூட்டுல மரபணு எதுவும் மிஞ்சலீங்க. பல்லோட உருவம் மட்டும்தான் மிஞ்சியிருக்கு" என்றார் அவர். இரண்டு நாளில் நாற்பத்திரண்டு பெயர்கள் வாசலில் ஒட்டப்பட்டன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குடும்பம் கதறியது. நாற்பத்து மூன்றாவது பற்கள் பதிவில் இருந்த எவருடைய பற்களோடும் பொருந்தவில்லை.

ஜெசிந்தா அந்தப் பட்டியலை இரண்டு முறை மேலிருந்து கீழே படித்தாள். அந்தக் கூடத்தில் வேலை பார்த்த, தீக்குப் பிறகு யார் கண்ணிலும் படாத முத்துப்பேச்சியின் பெயர் அதில் இல்லை. காவலாளியின் முக்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலைச் செய்தியில் முத்துப்பேச்சியின் முகம் வந்தது. இறந்தவர்களின் வரிசையில் அது வரவில்லை. பதிவில் இல்லாத ஓர் ஆள் கூடத்துக்குள் இருந்திருக்கிறார், அவரை யாரோ தன் கட்டைவிரலை வைத்து உள்ளே விட்டிருக்க வேண்டும், இரண்டு மணிக்குக் கூடத்தின் கதவில் விரல் வைத்த முத்துப்பேச்சி தப்பி வந்தவர்களிலும் இல்லை, அவள் பற்கள் சாம்பலிலும் இல்லை, எனவே அவள் உயிரோடு தலைமறைவாக இருக்கிறாள் என்று செய்தி வாசித்த பெண் சொன்னாள். நாசவேலை என்ற சொல்லும் வந்தது. தண்ணீர் லாரி ஓட்டுகிற அவள் கணவன் இசக்கிராஜை விசாரணைக்குக் கூட்டிப்போயிருந்தார்கள்.

மறுநாள் காலையில் ஜெசிந்தா டாக்டர் ஹமீதாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கேட்டு முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒவ்வொரு படத்துக்கும் நான்தானே கையெழுத்துப் போடுறேன். அந்தப் படத்தைப் பார்த்தேனாங்குறதுகூட ஞாபகம் இல்ல. பார்த்திருந்தா கண்டுபிடிச்சிருப்பேன். கழுத்தெலும்பு இல்லாத தலையைக் கண்டுபிடிக்க முடியாதா?" கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "போய்ச் சொல்லு. நானும் வர்றேன்" என்றார்.

கார்மேகம் தொழிற்சாலையின் விருந்தினர் அறையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நான்கு நாளாகத் தூங்காத கண்கள். ஜெசிந்தா நின்றுகொண்டே சொன்னாள். அவர் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை.

"நீங்க சொல்றதை நான் நம்புறேன்" என்றார். "ஆனா நான் நம்பி ஒண்ணும் ஆகாது. அந்தத் தலையை எடுத்துட்டு வாங்க."

அவளே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். அவருடைய இயந்திரத்துக்குள் அதை வைத்தார்கள். சற்று நேரத்தில் திரையில் வரிகள் வந்தன. பொருத்தம் முழுமையானது. முத்துப்பேச்சி, வயது இருபத்து நான்கு.

"பாத்தீங்களா சார்!" என்றாள் ஜெசிந்தா. அத்தனை நாளில் முதல் முறையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது. "நான் சொன்னது சரிதான. அந்தப் பதிவ அழிச்சுருங்க. அந்த நாப்பத்தி மூணாவது பேச்சிதான்னு எழுதிருங்க."

கார்மேகம் திரைப் பக்கம் குனிந்தார். திரையில் இன்னொரு வரி வந்திருந்தது. நிலை: இறந்தவர். எச்சம் கண்டெடுக்கப்பட்டது. அவர் எதையும் அழுத்தவில்லை. விபத்து விசாரணைக்காகத் திறந்து வைத்த இயந்திரத்தில் ஒரு மண்டையோடு பொருந்தினால் அது தானாகவே பதிவகத்துக்குப் போய்விடும். அவர் அதை மறந்திருந்தார்.

"சார்?" என்றார் டாக்டர் ஹமீதா.

"அழிக்க வழி இருக்கக் கூடாதுன்னு நினைச்சுத்தான் இதைக் கட்டினோம், டாக்டர்" என்றார் கார்மேகம். "கட்டினவங்கள்ல நானும் ஒருத்தன்."

அவர் சென்னைக்குப் பேசினார். வெளியே போய் நின்றும் பேசினார். இரண்டு நாள் கழித்து ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, அவள் கைப்பட எழுதிக் கொடுத்திருந்த நான்கு பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதை நான் வாங்கிக்கிட்டா, பத்து வருசத்துல பதிவகம் சொன்ன ஒவ்வொரு சாவும், அதை வச்சுக் கொடுத்த ஒவ்வொரு தண்டனையும் திரும்பக் கோர்ட்டுக்கு வரும். மேல கேட்டேன். வாங்க வேண்டாம்னுட்டாங்க."

"அப்ப பேச்சி?"

"முத்துப்பேச்சி தீயில இறந்துட்டாங்க. பதிவுப்படி அவங்க எச்சம் கிடைச்சாச்சு. அவங்க மேல இருந்த பழி போயிடுச்சு. புருஷனை விட்டாச்சு, எச்சத்தை அவர்கிட்ட ஒப்படைச்சாச்சு." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நாற்பத்து மூணாவது ஆள் யாருன்னு தெரியாது. யாரோ உள்ள நுழைஞ்சவங்க. மாநகராட்சி அடக்கம் பண்ணிடும்."

"அது பேச்சி சார். வயித்துல பிள்ளையோட பேச்சி."

"தெரியும்மா."

"அவ புருசன்கிட்ட அதக் குடுங்க."

"பேர் இல்லாத உடம்பை யாரும் கேட்டு வாங்க முடியாது. அவருக்குத்தான் ஏற்கெனவே ஒரு முத்துப்பேச்சியைக் கொடுத்தாச்சே. நீங்க வேலைக்குப் போங்க. உங்களை அனுப்பினா ஏன் அனுப்பினோம்னு எழுதணும். யாரும் எழுத மாட்டாங்க."

இசக்கிராஜ் முத்தையாபுரத்தில் ஒரே அறையுள்ள வீட்டில் இருந்தான். ஜெசிந்தா போனபோது கதவு திறந்தே கிடந்தது. விசாரணையில் அடித்திருந்தார்கள். இடது கண் வீங்கி மூடியிருந்தது. அவன் முன்னால் தரையில், அரசு முத்திரை போட்ட பெட்டி திறந்திருந்தது. பசையை உடைத்தெடுத்துவிட்டு மண்டையோட்டை மட்டும் வெள்ளைத் துணியில் வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

தான் யார் என்று அவள் சொல்வதற்கு முன்னால் அவன் பேச ஆரம்பித்தான்.

"இது அவ இல்லக்கா. அவளுக்கு மேல் வரிசையில ஒரு பல்லு கோணலா முன்னால துருத்திக்கிட்டு நிக்கும். அதுக்குத்தான் சிரிச்சா வாயப் பொத்திக்கிடுவா. இதுல எல்லாம் வரிசையா நிக்கி. ஸ்டேசன்ல சொன்னேன், கலெக்டர் ஆபீஸ்ல சொன்னேன். மெசினு தப்பு பண்ணாதுங்காவ."

ஜெசிந்தா அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். அவன் எழுந்து அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது. அவன் அந்த மண்டையோட்டைத் துணியால் மூடினான்.

"யாரு பெத்த பிள்ளையோ" என்றான். "இத்தன நாளு அலமாரியில கெடந்திருக்கு."

அதை அவன் தன் ஊருக்குக் கொண்டுபோய் முறைப்படி அடக்கம் செய்தான். சொந்தக்காரர்கள் முத்துப்பேச்சி என்று நினைத்து அழுதார்கள். அவன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாநகராட்சி இடுகாட்டில் நாற்பத்து மூன்றாவது எச்சத்தைப் புதைத்தார்கள். வழக்கு முடியாத உடல் என்று கம்பி வேலிக்குள் யாரையும் விடவில்லை. இசக்கிராஜும் ஜெசிந்தாவும் வேலிக்கு வெளியே சாலையோரத்தில் நின்றார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பணியாளர்கள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்து குழிக்குள் இறக்கினார்கள். அதை இறக்க இரண்டு ஆள் தேவையில்லை. மண்ணைத் தள்ளி, எண் எழுதிய தகரத்தை நட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

இசக்கிராஜ் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றான்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன். உண்மையச் சொல்லணும்."

"கேளு தம்பி."

"அவ பயப்படல, தெரியுமா? எல்லாரும் எடுக்காவ, நானும் எடுத்துக்கிடுதேன்னுதான் சொன்னா. நாந்தான் விடல. ரெண்டு போச்சு, இதுவும் போயிரும், எப்பிடியாச்சும் கெஞ்சித் தப்பிச்சு வந்திருன்னு சத்தியம் வாங்கிட்டு அனுப்புனேன். நான் சொல்லலன்னா அவ பேரு அந்தப் பட்டியல்ல இருந்திருக்கும். எங்கையில அவ சாம்பலாச்சும் கெடச்சிருக்கும்." அவன் அவள் பக்கம் திரும்பினான். வீக்கம் வடிந்து இரண்டு கண்ணும் திறந்திருந்தன. "அந்தப் படத்த எடுத்திருந்தா பிள்ளைக்கு ஏதும் ஆயிருக்குமா? ஆயிருக்காதா?"

இந்தக் கேள்விக்கு ஜெசிந்தா பதினோரு வருடமாக ஒரே பதிலைச் சொல்லி வந்திருந்தாள். ஒன்றும் ஆகாது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்ற கணக்கு அவளுக்கே தெரியாது. அது உண்மை. அந்த உண்மையை இப்போது இவனிடம் சொன்னால் இவன் இந்தக் கம்பியை விட்டுவிட்டு எங்கே போவான் என்று யோசித்தாள். அவன் உதடு கேள்வியோடு அப்படியே திறந்திருந்தது.

"ஆயிருக்கும் தம்பி" என்றாள்.

"நெசமாவா?"

"அஞ்சாறு மாசத்துக்கு உள்ள அது ஆபத்துதான். நாங்க வெளிய சொல்லுறதில்ல. நீ அவளத் தடுத்தது சரிதான்."

அவன் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். அவள் அவன் தோளில் கை வைத்தாள். சத்தமாக, சின்னப்பிள்ளை போல, நெடுநேரம் அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப உவகாரம்க்கா" என்றான்.

கார்த்திகை மூன்றாம் நாள் தொழிற்சாலையின் மற்றக் கூடங்கள் திறந்தன. பல் மருத்துவ அறையில் புதிய சோதனைத் தலை ஒன்று வந்திருந்தது. இது முழுக்கப் பிளாஸ்டிக். ஜெசிந்தா ஈய அங்கியைத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டு முதல் ஆளைக் கூப்பிட்டாள்.

இருபது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். ஒரு பக்கக் கன்னம் உப்பி, கண்ணுக்குக் கீழே வரை சிவந்திருந்தது. உள்ளே சீழ் கட்டியிருக்கிறது என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது. இது தேதி பார்த்து எடுக்கிற படம் இல்லை. எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று படம் பார்த்தால்தான் டாக்டர் கை வைக்க முடியும்.

"நாலு மாசம். ஆனா நான் எடுக்க மாட்டேன்க்கா" என்று அவள் வீங்கிய வாயால் சொன்னாள். "மாத்திர மட்டும் குடுங்க."

"இத இப்படியே விட்டா ரத்தத்துல கலந்துரும், பிள்ள. உனக்கும் ஆபத்து, வயித்துல இருக்கதுக்கும் ஆபத்து. படம் ஒண்ணும் செய்யாது."

"ஒண்ணும் செய்யாதுன்னுதான் எல்லார்ட்டயும் சொல்லுவீங்களாம். உள்ளத நீங்களே ஒத்துக்கிட்டீங்களாமே." அவள் சன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

ஜெசிந்தா எழுந்துபோய்ப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே தண்ணீர் லாரி நின்றது. இசக்கிராஜ் அதன் பக்கத்தில் நின்று, வேலைக்கு வருகிற பெண்களை ஒவ்வொருத்தியாக நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தான். நன்றாகச் சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டிருந்தான். ஒருத்தியின் வயிற்றைச் சுட்டிக்காட்டி, கையைக் கூப்பி, கெஞ்சுகிற மாதிரி ஏதோ சொன்னான். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஜெசிந்தா திரும்பி வந்தபோது அந்தப் பெண் எழுந்து கதவருகே போயிருந்தாள்.

"ஒரு நிமிசம் நில்லு" என்றாள் ஜெசிந்தா.

அந்தப் பெண் நின்றாள். கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஜெசிந்தாவின் கையில் ஈய அங்கி கனத்தது. சன்னல் வழியாக அவன் குரல் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது.